வேலையில்லா வாலிபர்களும் 600 ரூபாய் தர்மமும்

நமது நாட்டில் படித்துவிட்டு வேலையில்லாமலிருக்கும் வாலிபர்களைப் பற்றிப் பேசாத மேடையும் கிடையாது. எழுதாத பத்திரிகையும் கிடையாது. தேர்தல் காலம் வந்துவிட்டால் ஒவ்வொரு கட்சியாரும் இத்தனை லட்சம் பேருக்கு வேலை கொடுக்கப் போகிறோம் என்று ஏலத்தில் தொகை ஏற்றுவது போல் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகின்றார்கள். தேர்தல் முடிந்தபின் அதே வாலிபன் "அந்த வேலை எங்கே?" என்று கேட்பானேயானால், அவனுக்கு மூன்று விதமான பதில்கள் சொல்லப்படுகின்றன. "உனக்குத் திறமை போதாது" என்பது ஒன்று. "நீ சோம்பேறி, கிடைத்த வேலையைச் செய்ய உனக்கு மனமில்லை" என்பது மற்றொன்று. "உன் தலையெழுத்து அப்படியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?" என்பது மூன்றாவது.

இம்மூன்று பதில்களும் மூன்று வாயிலிருந்து வருகின்றனவென்றாலும் மூன்றும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. அதாவது குற்றத்தை வாலிபன் தலையிலேயே கட்டிவிட்டு, வேலை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நழுவிக்கொள்ள வழி செய்கின்றன. ஆதலால் இப்பதில்களில் கடுகளவாவது உண்மை உண்டா என்பதையும், நமது சர்க்கார்கள் இவ்வாலிபர்களுக்குச் செய்துவரும் உபகாரத்தின் யோக்கியதை என்ன என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று கருதுகின்றோம்.

600 ரூபாய்க் கணக்கு

தமிழ்நாட்டில் வேலையில்லாத வாலிபர்களுக்கு உதவித்தொகை என்பதாக ஒரு திட்டம் 2006ஆம் ஆண்டு முதல் இருந்து வருகின்றது. 2024ஆம் ஆண்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வெளியிட்ட அறிவிப்புகளின்படி, பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு 400 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய். இந்தப் பணத்தை வாங்குவதற்கு உள்ள நிபந்தனைகளை வாசகர்கள் சற்று பொறுமையாய்க் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.

முதலாவதாக, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். இரண்டாவதாக, குடும்பத்தின் வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாது. மூன்றாவதாக, தினசரி பள்ளிக்கோ கல்லூரிக்கோ சென்று படிக்கக்கூடாது. வேறு எவ்விதச் சம்பளமும் சொந்தத் தொழில் வருமானமும் இருக்கக்கூடாது. நான்காவதாக, பொறியியல், வைத்தியம், விவசாயம், சட்டம் போன்ற தொழிற் பட்டம் பெற்றவராயிருக்கக்கூடாது. வயது நாற்பதுக்குள், தாழ்த்தப்பட்ட வகுப்பாரும் பழங்குடியினருமானால் நாற்பத்தைந்துக்குள், இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தி வந்தால் மூன்று வருஷத்திற்கு மட்டும் பணம் கிடைக்கும். அதோடு சரி.

இதன் கணக்கு என்னவென்றால், ஒரு பட்டதாரிக்கு மூன்று வருஷத்திற்கு மொத்தம் 21,600 ரூபாய். காத்திருந்த ஐந்து வருஷத்தையும் சேர்த்து எட்டு வருஷத்திற்குப் பங்கிட்டால் மாதம் 225 ரூபாய்; நாள் ஒன்றுக்கு ஏழரை ரூபாய். டீக்கடையில் ஒரு டீ குடிப்பதற்குக் காணாத இந்தப் பணத்தைத்தான் "நிவாரணம்" என்று சொல்லுகின்றார்கள்! 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்திற்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 319 ரூபாய். எனவே இரண்டு நாள் மண் வெட்டும் கூலிக்கும் குறைவானது, பதினைந்து வருஷம் படித்தவனுக்கு ஒரு மாதத்திற்குச் சர்க்கார் போட்ட மதிப்பு.

நிற்க, வருமான வரம்பை எடுத்துக்கொள்வோம். வருஷம் 72,000 என்றால் மாதம் 6,000. அதே 319 ரூபாய் கூலியில் தகப்பன் மாதத்தில் 19 நாள் வேலை செய்துவிட்டால் 6,061 ரூபாய் ஆகிவிடுகின்றது. மகனுக்கு உதவித்தொகை இல்லை என்று ஆகிவிடுகின்றது! தகப்பன், தாய், பிள்ளைகள் என்று நான்கு ஐந்து பேர் சாப்பிட வேண்டிய குடும்பம் மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் அது வசதியுள்ள குடும்பம் என்பது எந்த ஊர்க் கணக்கு என்று கேட்கின்றோம். இந்த வரம்பை எழுதிய அதிகாரி தன் வீட்டு அரிசி, எண்ணெய், வாடகை, மருந்துச் செலவை ஒரு மாதம் 6,000 ரூபாயில் நடத்திக் காட்டிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போட்டிருந்தால் நாம் ஒன்றும் சொல்லமாட்டோம்.

இன்னும் வேடிக்கை என்னவென்றால் தொழிற் பட்டம் பெற்றவர்களை விலக்கி வைத்திருப்பதாகும். ஒரு காலத்தில் இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் திறக்க அனுமதி கொடுத்தவர்கள் யார்? நிலத்தை விற்றும், நகையை அடகு வைத்தும், பாங்கியில் கடன் பட்டும் பெற்றோர்கள் பிள்ளைகளை அக்கல்லூரிகளில் சேர்த்தபோது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள் யார்? படித்து வெளியே வந்தபின் "நீ தொழில் படித்தவன், உனக்கு வேலை கிடைக்காமலிருக்காது, ஆகையால் உனக்கு உதவி கிடையாது" என்று சொல்லுவது, நோயாளியைப் பார்த்து "நீ மருந்துக் கடைத் தெருவில் குடியிருப்பவன், உனக்கு வியாதி வராது" என்று சொல்லுவதை ஒத்ததேயாகும்.

பதிவும் புதுப்பிப்பும்

வேலைவாய்ப்பு அலுவலகம் என்பதன் கதையும் இதைப் போன்றதே. இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில் 1945இல், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டமும் செய்தார்கள். அச்சட்டத்தின் பெயரிலேயே "கட்டாயம்" என்ற வார்த்தை இருந்தது. ஆனால் எது கட்டாயம் என்று பார்த்தால், காலி இடம் இருக்கிறது என்று தெரிவிப்பதுதான் கட்டாயமே தவிர, பதிந்து வைத்திருப்பவர்களில் ஒருவருக்காவது அந்த இடத்தைக் கொடுப்பது கட்டாயம் அல்ல. அவ்விதக் கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்று சட்டத்திலேயே பச்சையாக எழுதியும் வைத்தார்கள். தெரிவிக்கத் தவறினால் அபராதம் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை. மறு தடவைக்கு 1,000 ரூபாய் வரை. கோடி கோடியாக லாபம் சம்பாதிக்கும் கம்பெனிக்கு 500 ரூபாய் அபராதம் என்றால், அது தண்டனையா அல்லது காணிக்கையா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

2025 நவம்பர் 21இல் அந்தச் சட்டமும் வேறு எட்டுச் சட்டங்களோடு சேர்த்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. பெயர் மாறிற்று. ஆனால் வேலை கொடுத்தாக வேண்டும் என்கின்ற கட்டாயம் மாத்திரம் அதற்குள்ளும் வரவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மாத்திரம் 60 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். மூன்று வருஷத்திற்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் இருந்த மூப்பும் போய்விடும். கொடுப்பவன் கொடுக்க மறந்தால் தண்டனை கிடையாது. கேட்பவன் கேட்க மறந்தால் அவனுக்குத் தண்டனை உண்டு என்கின்ற இந்த நியாயத்தை என்னவென்று சொல்லுவது?

பரீட்சை என்னும் சூதாட்டம்

இனி, சர்க்கார் உத்தியோகப் பரீட்சைகளைக் கவனிப்போம். தமிழ்நாடு சர்க்கார் தேர்வாணையத்தார் 2022 ஜூலை 24இல் நடத்திய நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அதாவது ஓர் இடத்திற்கு 300 பேர். எழுதியவர்கள் முடிவைத் தெரிந்துகொண்டது 2023 மார்ச்சு மாதத்தில். எட்டு மாதம் கழித்து. இடையில் வாலிபர்கள் கூக்குரலிட்டதன் பிறகு இடங்கள் 10,117 ஆக உயர்த்தப்பட்டன. கேட்டால் உயர்த்தக்கூடிய இடங்கள் கேட்பதற்கு முன் எங்கே ஒளிந்துகொண்டிருந்தன என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2025 ஜூலையில் நடந்த அதே பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். ஓர் இடத்திற்கு 350 பேருக்கு மேல்.

பத்தாம் வகுப்புப் படிப்புப் போதும் என்கிற இந்த உத்தியோகங்களுக்குப் பொறியியல் பட்டதாரிகளும், எம்.ஏ., எம்.பில். படித்தவர்களும், ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்களுங்கூட வரிசையில் நிற்கின்றார்கள். இப்பரீட்சையில் ஒருவன் தவறினால் அவனுக்கு அறிவில்லை என்று அர்த்தமா? 300 பேரில் 299 பேர் எப்படியும் தவறித்தானே ஆகவேண்டும்? அந்த 299 பேரும் கம்பராகவும் கணித மேதையாகவும் இருந்தாலுங்கூட இடம் ஒன்றுதானே? இப்படியிருக்கத் தவறியவனைப் பார்த்து "இன்னும் கஷ்டப்பட்டுப் படி" என்று சொல்லுவது, ஒரு பானைச் சோற்றை முந்நூறு பேர் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடாதவனைப் பார்த்து "உனக்குக் கை நீளம் போதாது" என்று சொல்லுவதற்குச் சமானமாகும்.

இந்தச் சூதாட்டத்திலும் மோசடி வேறு. 2019 செப்டம்பரில் நடந்த நான்காம் தொகுதிப் பரீட்சையில் ராமநாதபுரம் ஜில்லாவில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில், எழுதியபின் மறைந்துபோகும் மையைக் கொண்டு விடைத்தாளைத் திருத்திய அக்கிரமம் 2020 ஜனவரியில் வெளியாயிற்று. 99 பேர் ஆயுள் முழுவதும் பரீட்சை எழுதக்கூடாதென்று விலக்கப்பட்டார்கள். ராப்பகலாய்க் கண் விழித்து எழுதியவனுடைய மை நிலைத்து நிற்க, பணம் கொடுத்தவனுடைய மை மறைந்துபோய் மார்க்கு வாங்கிற்று. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை இதைப் பத்திரிகையில் படித்தபோது அவன் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

துடைப்பமும் பட்டமும்

"கிடைத்த வேலையைச் செய்யமாட்டேன் என்கிறான்" என்கின்ற இரண்டாவது பதிலுக்கு வருவோம். 2018 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபைச் செயலகத்தில் கூட்டுவோர், துப்புரவு செய்வோர் ஆகிய 14 இடங்களுக்கு ஆள் கேட்டார்கள். 4,607 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள். 2019 நவம்பரில் கோயம்புத்தூர் மாநகராட்சியில் 549 துப்புரவுத் தொழிலாளர் இடங்களுக்குச் சுமார் 7,000 பேர் வந்தார்கள். அவர்களிலும் பொறியியல் பட்டதாரிகள் உண்டு. வடக்கே உத்திரப் பிரதேசத்தில் 2015இல் 368 சேவகர் இடங்களுக்கு 23 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வேலை செய்ய மனமில்லாத சோம்பேறிகளா இவர்கள்? துடைப்பம் எடுக்கவும் தயார் என்று மனுப் போட்டவனைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லுகின்ற வாய், எந்த வேலையைச் செய்து அவ்வளவு பேச யோக்கியதை பெற்றது என்று கேட்கின்றோம்.

இதில் நமது மக்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு சங்கதியும் இருக்கின்றது. கூட்டிப் பெருக்குவதும் மலம் அள்ளுவதும் இன்ன ஜாதிக்குப் பிறந்தவனுடைய தர்மம் என்று ஆயிரக்கணக்கான வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் அதே வேலைக்கு மாதம் 15,700 ரூபாய் ஆரம்பச் சம்பளமும் நிரந்தரமும் சேர்ந்தவுடன் பட்டதாரிகளெல்லாம் மனுப் போட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு வேலையை இழிவாக்குவது அந்த வேலையல்ல. அதற்குக் கொடுக்கும் கூலியும் அதைச் செய்பவனை நடத்துகின்ற விதமுமேயாகும் என்பது விளங்கவில்லையா? அதே வேலையை நிரந்தரமில்லாமல் ஒப்பந்தக்காரனிடம் விட்டுவிட்டால் மறுபடியும் யார் அதைச் செய்ய வருகின்றார்கள்? பழைய சேரிகளிலிருந்து பழைய மக்களேதான் வருகின்றார்கள். ஒப்பந்தக்காரனுக்கு வகுப்புவாரி உரிமையும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சிக் கட்டிடத்தின் முன் துப்புரவுத் தொழிலாளர்கள் பதின்மூன்று நாள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தது எதற்காக? தங்கள் வட்டங்களின் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்கக்கூடாது என்பதற்காகவும், பல வருஷமாய்ச் செய்துவந்த வேலையை நிரந்தரமாக்க வேண்டும் என்பதற்காகவுமேயாகும். போலீசார் நடு ராத்திரியில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 69 இடங்கள் பின்தள்ளப்பட்டவர்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் என்று 1993இல் சட்டம் செய்து, அடுத்த வருஷம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் அதைச் சேர்த்தும் பாதுகாத்தோம். நல்ல காரியந்தான். ஆனால் நூறு இடங்கள் இருந்தால்தானே 69 கிடைக்கும்? இடங்களையே ஒழித்துவிட்டு உரிமையை மாத்திரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவதால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஜாதியின் பேரால் நேரில் பறிக்க முடியாத உத்தியோகத்தை, சிக்கனத்தின் பேரால் கொல்லைப்புற வழியாகப் பறித்துக்கொள்ளுவதை நமது வாலிபர்கள் கவனிக்கத் தவறக்கூடாது.

கஷ்ட காலம் யாருக்கு?

"சர்க்காரிடம் பணமில்லை, இது கஷ்ட காலம்" என்று சொல்லுவார்கள். கஷ்ட காலம் வந்தபோது அதன் சுமை யார் தோள்மேல் ஏற்றப்பட்டது என்று பார்ப்போம். கொரோனா நோய் பரவிய 2020 மே மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் ஓய்வு வயது 58லிருந்து 59 ஆக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அது 60 ஆக்கப்பட்டது. அதே 2020 மே மாதத்தில் புதிய உத்தியோகங்கள் ஏற்படுத்தக்கூடாதென்று சிக்கன உத்தரவும் போடப்பட்டது. ஓய்வு பெறுகிறவர்களுக்கு மொத்தமாய்க் கொடுக்க வேண்டிய பணத்தைத் தள்ளிப்போட இது ஒரு வழி. ஆனால் இரண்டு வருஷம் காலியாகவிருந்த நாற்காலிகள் காலியாகவில்லை. புதிய நாற்காலிகளும் போடப்படவில்லை. அந்த நாற்காலிகளை நம்பிப் படித்துக்கொண்டிருந்த வாலிபனுக்கு மாத்திரம் வயது நிற்காமல் ஓடிற்று. சர்க்காரின் கஷ்டத்தைச் சுமந்தவன் சம்பளமே இல்லாத இவன்தான்.

நாம் வயதானவர்கள் மேல் பொறாமைப்பட்டு இதைச் சொல்லவில்லை. மகனுக்கு வேலையில்லாத வீட்டில் தகப்பன் இன்னும் இரண்டு வருஷம் சம்பாதித்தால் தேவலை என்றுதான் அந்த வீட்டில் நினைப்பார்கள். தகப்பனையும் மகனையும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடும்படி வைத்ததைத்தான் கண்டிக்கின்றோம்.

அன்றியும், இதே கஷ்ட தேசத்தில் 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கம்பெனிகளின் வருமான வரியை நூற்றுக்கு 30லிருந்து 22 ஆகக் குறைத்தது. இதனால் சர்க்காருக்கு வருஷம் 1,45,000 கோடி ரூபாய் குறையும் என்று நிதி மந்திரியே சொன்னார். மாதம் 600 ரூபாய் வீதம் கணக்குப் போட்டால் இது 20 கோடி பேருக்கு ஒரு வருஷ உதவித்தொகை. கம்பெனிக்குக் கொடுத்தால் அதற்கு "ஊக்கம்" என்று பேர். வாலிபனுக்குக் கொடுத்தால் அதற்கு "இலவசம்" என்று பேர். கம்பெனி ஐந்து வருஷம் காத்திருந்ததா? குடும்ப வருமானச் சர்டிபிகேட் கொண்டுவந்ததா? இத்தனை பேருக்கு வேலை கொடுத்தேன் என்று கணக்குக் காட்டினால்தான் சலுகை என்று யாராவது நிபந்தனை போட்டார்களா? அது மத்திய சர்க்கார், இது மாநில சர்க்கார் என்று சமாதானம் சொல்லலாம். சர்க்கார் இரண்டானாலும் வாலிபன் வயிறு ஒன்றுதானே?

திறமை என்கிற புரட்டு

திறமை போதாது என்கின்ற முதல் பதிலைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுகின்றோம். ஏனெனில் அதுதான் கேட்பதற்கு நியாயம் போல் தோன்றுவது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் டில்லியிலுள்ள மனித வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலை நிலை அறிக்கையில், 2022ஆம் ஆண்டில் இந்நாட்டு வாலிபர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுள் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 3.4 பேர், பட்டதாரிகளுள் 29.1 பேர் என்று கண்டிருக்கின்றது. திறமைக் குறைவுதான் காரணமென்றால் படிக்கப் படிக்க வேலையில்லாமை குறைய வேண்டுமல்லவா? இங்கே ஏறுகின்றதே, அது ஏன்?

இதற்கு, "படிக்காதவன் கிடைத்ததைச் செய்கிறான், படித்தவன் காத்திருக்கிறான்" என்று ஒரு பதில் உண்டு. அது ஓரளவு வாஸ்தவம் என்றே ஒப்புக்கொள்ளுவோம். படிக்காத ஏழைக்கு ஒரு நாள் வேலையில்லாவிட்டால் ஒரு நாள் அடுப்பு எரியாது. ஆகையால் எந்தக் கூலிக்கும் போய் நிற்கின்றான். அவன் வேலையிலிருப்பது அவன் சௌக்கியத்தைக் காட்டவில்லை; அவனுடைய கதியற்ற தன்மையைக் காட்டுகின்றது. படித்தவன் காத்திருப்பது, பெற்றோர் அவனுக்கு ஒரு வேளைச் சோறு போட முடிகின்ற வரையில்தான். படித்தவனையும் அந்தக் கதியற்ற கூலிக்கு இறக்கிவிடுவதுதான் திறமை வளர்ப்பது என்றால் அப்படிப்பட்ட திறமை நமக்கு வேண்டியதில்லை.

இப்போது "பயிற்சி" என்று ஒரு புதுச் சரக்கு வந்திருக்கின்றது. 2024 ஜூலையில் மத்திய சர்க்கார், ஐந்து வருஷத்தில் ஒரு கோடி வாலிபர்களுக்கு 500 பெரிய கம்பெனிகளில் ஒரு வருஷப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. அதில் 4,500 ரூபாய் சர்க்கார் கொடுப்பது. கம்பெனி கொடுப்பது 500 ரூபாய். ஆள் கம்பெனிக்கு, கூலி பொதுப்பணத்திலிருந்து! பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்கின்ற பேச்சு மாத்திரம் இல்லை. ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி செய்கின்ற அதே வேலையை அதே இயந்திரத்தில் நின்று செய்கிறவனுக்குப் "பயிற்சியாளன்" என்று பேர் வைத்துவிட்டால் சம்பளம் பாதியாகிவிடுகின்றது. சங்கம் சேரவும் வழியில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் பட்டதாரிக்குக் "கூட்டாளி" என்று பேர் வைத்திருக்கின்றார்கள். லாபத்தில் பங்கில்லாத இந்தக் கூட்டாளிக்கு, வண்டி கவிழ்ந்தால் நஷ்டத்தில் மாத்திரம் முழுப் பங்கு.

பெண்கள் சங்கதி இதைவிட மோசம். ஆண் பிள்ளைக்கு வேலையில்லாவிட்டால் "காத்திருக்கிறான்" என்கின்றார்கள். பெண்ணுக்கு வேலையில்லாவிட்டால் "கல்யாணம் செய்து அனுப்பிவிடு" என்கின்றார்கள். அவள் வாங்கிய பட்டம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுவதற்குத்தான் உதவுகின்றது. வேலையில்லாத் திண்டாட்டத்தின் கணக்கில் வராமல் சமையலறையில் மறைந்துபோன பட்டதாரிப் பெண்களை எந்த அறிக்கையில் தேடுவது?

யாரோ பறித்துக்கொண்டார்கள் என்பது

இவ்வளவு கோபமும் சர்க்கார் மேலும் முதலாளி மேலும் திரும்பாமலிருப்பதற்கு ஓர் உபாயம் செய்யப்படுகின்றது. "வடநாட்டுக்காரன் வந்து உன் வேலையைப் பிடுங்கிக்கொண்டான்" என்பதே அது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீஹார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பிக் கலகமூட்டப் பார்த்தார்கள். அவை பொய்யென்று வெளியாயிற்று. அந்தப் பீஹார் வாலிபனுடைய கதை என்ன? 2019இல் ரயில்வே இலாகா 35,281 இடங்களுக்கு விளம்பரம் செய்தது. 1 கோடியே 25 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதல் கட்டப் பரீட்சை முடிவு வெளிவந்தது 2022 ஜனவரியில். அம்முடிவில் அநியாயம் இருப்பதாகச் சொல்லிப் பீஹாரில் வாலிபர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கயாவில் ரயில் வண்டி கொளுத்தப்பட்டது. ரயிலைக் கொளுத்துவதை நாம் ஆதரிக்கவில்லை. பொதுச் சொத்து கொளுத்தினவனுடைய சொத்துந்தான். ஆனால் மூன்று வருஷம் ஒரு பரீட்சைக்குக் காக்க வைக்கப்பட்டவன் நமக்குச் சத்துருவா? அவனும் நம் வாலிபனும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். அவனைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்து இவனையும் அதே கூலிக்கு இறக்குகின்றவனைப் பார்க்காமல், இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தால் அந்த ஆசாமிக்குக் கொண்டாட்டந்தானே!

தலையெழுத்து என்கின்ற மூன்றாவது பதிலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 பரீட்சையில் 7,301 ஆக இருந்த இடங்கள் 10,117 ஆனபோது 2,800 பேருக்கு மேல் தலையெழுத்து மாறியிருக்கின்றதே, அதை எழுதியது பிரம்மாவா, தேர்வாணையமா? ஓர் அறிவிப்பினால் மாறக்கூடியது எழுத்தாகுமா? இருந்தும் வேலை கிடைக்க ஜாதகம் பார்ப்பதும், பரிகாரம் செய்வதும், அதற்குக் கடன் வாங்குவதுமாய் இருக்கின்றார்கள். நம்பிக்கையிழந்த வீட்டில் முதலில் நுழைகின்றவன் ஜோசியன். இரண்டாவது நுழைகின்றவன் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பறிக்கும் தரகன். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப்போய் மியான்மர் நாட்டு எல்லையில் மோசடிக் கும்பல்களிடம் விற்கப்பட்ட தமிழ் வாலிபர்கள் 2022இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்களே, அவர்களை அவ்வளவு தூரம் துரத்தியது எந்தக் கிரகம்? உள்ளூரில் வேலை இருந்திருந்தால் அவர்கள் ஏன் போயிருக்கப் போகின்றார்கள்?

செய்ய வேண்டியது

நமது அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு, வேலை பெறும் உரிமைக்கும் வேலையில்லாத காலத்தில் பொது உதவி பெறும் உரிமைக்கும் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லுகின்றது. ஆனால் 37ஆவது பிரிவு, இதைக் கோர்ட்டில் கேட்க முடியாது என்று சொல்லுகின்றது. ஒரு கையால் எழுதியதை மறு கையால் மூடிவைத்தது போலிருக்கின்றது இது. கோர்ட்டில் கேட்க முடியாததை மக்கள் மன்றத்தில்தான் கேட்க வேண்டும். ஆகவே நாம் கேட்பன இவை:

1. ஒவ்வொரு இலாகாவிலும் எத்தனை இடங்கள் காலி என்பதை வருஷந்தோறும் ஒரு குறித்த தேதியில் வெளியிட வேண்டும். அவற்றை ஒரு வருஷத்திற்குள் பூர்த்தி செய்ய வேண்டும். பரீட்சை முடிவுக்கும் கெடு வேண்டும். கெடு தவறினால் பொறுப்பான அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

2. உதவித்தொகையைக் குறைந்தபட்சக் கூலியோடு இணைக்க வேண்டும். ஐந்து வருஷக் காத்திருப்பையும், 72,000 ரூபாய் வரம்பையும், தொழிற் பட்டம் பெற்றவர்களை விலக்குவதையும் எடுத்துவிட வேண்டும். வேலை கிடைக்கிற வரையில் உதவி இருக்க வேண்டும்.

3. வருஷம் முழுவதும் நடக்கின்ற வேலையை ஒப்பந்தத்திலும் பயிற்சியின் பேராலும் செய்விக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் விட்டாலும் அதில் வகுப்புவாரி உரிமை இருக்க வேண்டும்.

4. நிலம், மின்சாரம், வரி ஆகியவற்றில் சலுகை வாங்குகின்ற கம்பெனிகள், எத்தனை பேருக்கு, எந்தெந்த வகுப்பாருக்கு, என்ன சம்பளத்தில் நிரந்தர வேலை கொடுத்தன என்று பகிரங்கமாய்க் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சலுகையைத் திருப்பி வாங்க வேண்டும்.

இவைகளில் எது முடியாத காரியம்? ஓய்வு வயதை ஓர் உத்தரவில் மாற்ற முடிந்தவர்களுக்கு, கம்பெனி வரியை ஒரே நாளில் குறைக்க முடிந்தவர்களுக்கு, இவை மாத்திரம் எப்படி முடியாமற் போகும்?

வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது, பரீட்சைக்குப் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள் என்பதே. ஓர் இடத்திற்கு 300 பேராய்ப் பிரிந்து நின்று ஒருவரையொருவர் போட்டியாளராய்ப் பார்ப்பதைவிட, 300 பேரும் ஒன்றாய்ச் சேர்ந்து "ஏன் ஓர் இடம்?" என்று கேட்பது மேலானது. கேட்டதன் பிறகுதான் இடங்கள் உயர்ந்தன என்பதை மறக்காதீர்கள். ஊருக்கு ஊர் சங்கம் வையுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும், ஆஸ்பத்திரியிலும், தாலுகா ஆபீசிலும் எத்தனை இடங்கள் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கிப் பலகையில் எழுதித் தெருவில் வையுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனை அந்தப் பலகை முன்னால் நிறுத்திப் பதில் கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையில்லாத பிள்ளையைப் பார்த்துத் "தண்டச் சோறு" என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லுகின்ற அந்த ஒரு வார்த்தை, சர்க்காரும் முதலாளியும் சொல்ல வேண்டிய பொய்யை அவர்களுக்குப் பதிலாக, சம்பளமில்லாமல், நீங்களே உங்கள் வீட்டில் சொல்லிக் கொடுப்பதாகும். உழைக்கத் தயாராயிருப்பவன் சாப்பிடுகின்ற சோறு தண்டச் சோறாகாது. உழைக்கத் தயாராயிருப்பவனுக்கு வேலை கொடுக்காமல், அவன் பேரால் நடக்கின்ற அலுவலகங்களிலும் அறிக்கைகளிலும் கம்பெனிச் சலுகைகளிலும் சாப்பிடப்படுகின்ற சோற்றுக்கே அந்தப் பேர் பொருந்தும்.